கல்லை வாங்கிக்கிட்டு வந்தீங்க... ரிப்போர்ட்டை வாங்கினீங்களா?

பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வீட்டுக்கு நலம் விசாரிக்கப் போயிருக்கிறீர்களா? காபி வருவதற்கு முன்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா வரும். "இதோ பாருங்க, பதினேழு கல்லு!" என்று குலுக்கிக் காட்டுவார்கள். பச்சையாக, மஞ்சளாக, கறுப்பாக, பட்டாணி மாதிரி, மிளகு மாதிரி... வந்தவர்களும் "அடேயப்பா, இவ்வளவா!" என்று வியந்துவிட்டுப் போவார்கள்.

நல்லது. ஆனால், ஒரு கேள்வி. அந்தக் கல்லெல்லாம் இருந்த பை எங்கே போனது? அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? அதன் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்ததா? டாக்டரிடம் காட்டினீர்களா?

பத்து வீட்டில் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். "கல்லை எடுத்தாச்சு, வலி போயாச்சு, அப்புறம் என்ன ரிப்போர்ட்?" என்பார்கள். அந்த ஒரு காகிதத்தில்தான் சில சமயம் உயிரே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

"நீங்க சித்த வைத்தியர், ஆபரேஷனைப் பத்தியும் பயாப்ஸியைப் பத்தியும் எழுதறீங்களே?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படிக்கும் பாடங்களில் ஒன்றுக்குப் பெயரே 'நோய் நாடல்'. நோய் எங்கே பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எந்த வழியாகப் பரவுகிறது என்று தேடுவது. மருந்து எந்த முறையாக இருந்தாலும், நோயைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து கொடுக்க முடியாதே!

பித்தப்பையும் அதன் சுவரும்

கல்லீரலின் அடியில், வலது விலா எலும்புகளுக்குக் கீழே, ஒரு சிறிய பேரிக்காய் மாதிரி தொங்குகிறது பித்தப்பை. நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். கொள்ளளவு 30 முதல் 50 மில்லி. அதாவது ஒரு சின்ன டம்ளர் டிகாக்ஷன் அளவு! கல்லீரல் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் போலப் பித்தநீரைச் சுரக்கிறது. அதை வாங்கி, சுண்ட வைத்து, நாம் எண்ணெயும் நெய்யும் சாப்பிடும்போது குடலுக்குள் பீய்ச்சுவதுதான் இந்தப் பையின் வேலை.

இப்போது அதன் சுவரைப் பார்ப்போம். நோயின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

இரைப்பை, குடல் இவற்றின் சுவர் பழைய காலத்து வீடு மாதிரி. வாசல், ரேழி, கூடம், கொல்லைப்புறம் என்று பல கட்டுகள். உள்சவ்வு, அதன் கீழ் மெல்லிய தசை, பிறகு அடிச்சவ்வு, பிறகு தடித்த தசை, கடைசியில் வெளியுறை. புற்றுநோய் உள்ளே புகுந்தாலும் ஒவ்வொரு கட்டாகத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும்.

பித்தப்பை அப்படி இல்லை. அந்த மெல்லிய தசையும் கிடையாது, அடிச்சவ்வும் கிடையாது. உள்சவ்வைத் தாண்டினால் நேரே தசை. அதைத் தாண்டினால் கொழுப்பும் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும். கல்லீரலோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் வெளியுறை கூடக் கிடையாது. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் மாதிரி!

ஆரோக்கியமான பித்தப்பைச் சுவரின் மொத்த கனமே ஸ்கேனில் 3 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். அந்த 3 மில்லிமீட்டருக்குள் புற்றுநோய் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அந்த மனிதரின் தலையெழுத்தே அமைகிறது.

கல்லுக்கும் புற்றுக்கும் என்ன சம்பந்தம்?

பித்தப்பைப் புற்றுநோயை 1777-லேயே வியன்னாவில் மாக்ஸிமிலியன் ஸ்டோல் என்ற மருத்துவர் விவரித்துவிட்டார். இரண்டரை நூற்றாண்டு ஆகியும் இன்னமும் இது ஒளிந்து விளையாடுகிற நோய்தான். உலக அளவில் இது அபூர்வ வகையைச் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் முழுவதும் ஏறக்குறைய 1,22,000 பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது. அதே ஆண்டு இறந்தவர்கள் சுமார் 89,000 பேர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது புரியும்.

எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி வருவதில்லை. தென் அமெரிக்காவில் சிலி, பொலிவியா நாடுகளிலும், நம் நாட்டில் டெல்லி, உத்தரப்பிரதேசம், பீகார் என்று கங்கைச் சமவெளி நெடுகவும் அதிகம். தென்னிந்தியாவில் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வயது பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல்.

இந்தப் புற்றுநோய் வந்தவர்களைப் பார்த்தால் மிகப் பெரும்பாலோருக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது. "ஐயய்யோ, எனக்குக் கல்லு இருக்கே!" என்று பயந்துவிடாதீர்கள். திருப்பிப் பார்த்தால் கணக்கு வேறு. கல் இருக்கும் நூறு பேரில் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் புற்றுநோய் வருவதே இல்லை. புற்று வந்தவருக்குக் கல் இருக்கும். கல் வந்தவருக்கெல்லாம் புற்று வராது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கல் என்ன செய்கிறது? வருஷக்கணக்கில் உள்சவ்வை உரசுகிறது. பித்தநீர் தேங்குகிறது, கிருமி சேர்கிறது, அழற்சி வருகிறது, ஆறுகிறது, மறுபடி வருகிறது. டைபாய்டு வந்து போன சிலருக்குக் கிருமி பித்தப்பையிலேயே குடியிருந்துவிடும். அதுவும் ஒரு காரணம். புண்பட்டுப் புண்பட்டு ஆறும் செல்கள் ஒரு கட்டத்தில் தங்கள் உருவத்தையே மாற்றிக்கொள்கின்றன. பிறகு ஒழுங்கு கெடுகிறது. பிறகு புற்றாகிறது. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சுமார் 15 வருஷம் ஆகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு காலம் அவகாசம் இருந்தும் நமக்குத் தெரிவதில்லை. ஏனென்றால் வலிப்பதில்லை!

அபூர்வத்திலும் ஓர் அபூர்வம்

பித்தப்பைப் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறு அடினோகார்சினோமா என்ற வகை. சுரப்பி செல்களிலிருந்து பிறப்பது. பித்தப்பையின் உள்பக்கம் சுரப்பிச் செல்களால் ஆனது என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை.

மிச்சத்தில்தான் சில அபூர்வ வகைகள் வருகின்றன. அவற்றில் ஒன்று அடினோஸ்குவாமஸ் கார்சினோமா. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் சுவாரஸ்யமானது.

ஸ்குவாமஸ் என்றால் தட்டையான செதில் செல்கள். நம் தோல், வாயின் உள்பகுதி, உணவுக்குழாய் இங்கெல்லாம் அடுக்கடுக்காக ஓடு வேய்ந்த மாதிரி இருப்பவை. பித்தப்பையில் இந்தச் செல் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே இருப்பவை ஒற்றை வரிசையில் நிற்கும் உயரமான தூண் செல்கள். அப்படியிருக்க, தோலில் வர வேண்டிய புற்று பித்தப்பையில் எப்படி வருகிறது?

மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கையைப் பார்த்திருப்பீர்கள். உரசுகிற இடம் காய்த்துப் போயிருக்கும். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு அது. பித்தப்பைக்குள்ளும், கல்லும் அழற்சியும் சேர்ந்து படுத்தும் பாட்டில், சில இடங்களில் தூண் செல்கள் செதில் செல்லாக மாறிவிடுகின்றன. அந்த இடத்தில் புற்று பிறக்கலாம் என்பது ஒரு கருத்து. முதலில் சுரப்பிப் புற்றாகப் பிறந்து, வளரும்போது அதில் ஒரு பகுதி செதில் குணத்துக்கு மாறுகிறது என்பது இன்னொரு கருத்து. ஒரே கட்டிக்குள் இரண்டும் கலந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடமும் தெரிவதால் இரண்டாவது கருத்துக்கு ஆதரவு அதிகம்.

கட்டியில் செதில் பகுதி 25 சதவிகிதமாவது இருந்தால்தான் இந்தப் பெயர் வைக்கிறார்கள். கால் பங்கு தாண்டினால் பெயரும் மாறுகிறது, குணமும் மாறுகிறது. இந்தச் செதில் பகுதி மற்றதைவிட வேகமாகப் பெருகுவதாகக் கண்டிருக்கிறார்கள். சாதாரண வகை நிணநீர் வழியாகத் தூரம் தூரமாகப் பரவப் பார்க்கும் என்றால், இது பெரிய கட்டியாகி, பொதுச்சுவரை இடித்துக்கொண்டு நேராகக் கல்லீரலுக்குள்ளேயே நுழையப் பார்க்கும். அதனால்தான் கண்டுபிடிக்கும்போதே பலருக்குக் கட்டி பெரிதாக இருக்கிறது. அப்படியிருந்தும், மிச்சமில்லாமல் முழுசாக வெட்டி எடுக்க முடிந்தவர்கள் பல வருஷம் பிழைத்திருப்பதும் உண்டு. ஆக, கை விட்டுவிட வேண்டிய நோய் அல்ல. காலத்தோடு பிடிக்க வேண்டிய நோய்.

மைக்ராஸ்கோப்புக்கு அடியில்...

எடுத்த பித்தப்பையை என்ன செய்கிறார்கள்? ஃபார்மலின் என்ற திரவத்தில் ஊறப்போடுகிறார்கள். பத்தாலஜிஸ்ட் அதைத் திறந்து, விரல் விரலாகத் தடவிப் பார்க்கிறார். எங்கே சுவர் தடித்திருக்கிறது, எங்கே சொரசொரப்பு, எங்கே வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருக்கிறது என்று தேடி, துண்டுகள் எடுத்து மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவுகிறார்கள். அதற்கு இரண்டு சாயம் ஏற்றுகிறார்கள். செல்லின் கரு நீலமாகவும், மற்ற பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

சுரப்பிப் புற்றில், கோணல்மாணலான சின்னச் சின்னக் குழாய்கள் சுவருக்குள் ஊடுருவியிருக்கும். செதில் பகுதியில் செல்கள் கூட்டம் கூட்டமாக, நடுவில் வெங்காயச் சருகு சுற்றின மாதிரி இளஞ்சிவப்பு வட்டங்கள் தெரியும். கெரட்டின் முத்துகள் என்று இதற்குப் பெயர். நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள்! சந்தேகம் வந்தால் பி-40, பி-63 என்ற சிறப்புச் சாயங்கள் போட்டுச் செதில் செல்தான் என்று உறுதி செய்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நாள்பட்ட அழற்சியில் உள்சவ்வு சுவருக்குள் சின்னச் சின்னப் பொந்துகளாக இறங்கியிருக்கும். அது புற்று அல்ல. ஆனால் பார்ப்பதற்கு அப்படி ஏமாற்றும். சில சமயம் நிஜமான ஆரம்பப் புற்று அந்தப் பொந்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். இதைப் பிரித்துச் சொல்ல அனுபவமுள்ள கண் வேண்டும். அதனால்தான் வெறும் கண்ணால் பார்த்துவிட்டு "பை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது போதாது.

ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்

கல்லுக்காக எடுத்த ஆயிரம் பித்தப்பைகளைப் பரிசோதித்தால், அதில் சிலவற்றில் யாரும் எதிர்பார்க்காத புற்று தென்படுகிறது. ஆபரேஷனுக்கு முன் ஸ்கேனிலும் தெரியாது, ஆபரேஷன் செய்யும்போது சர்ஜனின் கண்ணுக்கும் தெரியாது. ரிப்போர்ட்டில்தான் தெரியும். குணப்படுத்தக்கூடிய நிலையில் இந்த நோய் பிடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான்!

ரிப்போர்ட்டில் டி-1ஏ என்று இருந்தால், புற்று உள்சவ்வுக்குள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். பையை எடுத்ததே போதும். பெரும்பாலும் முழுக் குணம். டி-1பி என்றால் தசையைத் தொட்டுவிட்டது. டி-2 என்றால் தசையையும் தாண்டிவிட்டது. இந்த இரண்டுக்கும் பையை மட்டும் எடுத்தது போதாது. பையை ஒட்டியிருந்த கல்லீரலில் ஒரு பகுதியையும், சுற்றியுள்ள நிணநீர்க் கட்டிகளையும் எடுக்கும் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும். 2018 முதல் நடைமுறையில் உள்ள நிலைப் பிரிப்பில் டி-2-ஐயும் இரண்டாக்கிவிட்டார்கள். கல்லீரல் பக்கம் பரவியது, வயிற்றுப் பக்கம் பரவியதைவிட ஆபத்து என்பதால்.

இப்போது யோசியுங்கள். ரிப்போர்ட் டி-1பி என்று வந்து, லேபிலேயே கிடக்கிறது. நீங்கள் தையல் பிரித்துக்கொண்டு, கல் டப்பாவோடு ஊருக்கு வந்துவிட்டீர்கள். எட்டு மாசம் கழித்து மஞ்சள் காமாலையோடு போய் நிற்கும்போது, அன்றைக்குச் செய்திருக்க வேண்டிய ஆபரேஷனை இனிமேல் செய்ய முடியாது என்கிறார்கள். ஒரு காகிதத்தை வாங்காததற்கு இவ்வளவு பெரிய விலை!

கண், மலம், சிறுநீர்

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இந்த எட்டில் மூன்றை நீங்களே வீட்டில் கவனிக்கலாம்.

விழி மஞ்சளாகிறது. சிறுநீர் கடுங்காப்பி மாதிரி கறுத்துப் போகிறது. மலம் களிமண் மாதிரி வெளுத்துவிடுகிறது. கூடவே உடம்பெல்லாம் அரிப்பு. இந்த நான்கும் சேர்ந்தால் பித்தம் குடலுக்குப் போகும் வழி எங்கேயோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். இது அடைப்புக் காமாலை.

"காமாலைதானே? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடிச்சா சரியாப் போயிடும்" என்று இந்த நேரத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். கீழாநெல்லி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால், குழாயில் கட்டி அடைத்துக்கொண்டிருக்கும்போது எந்த மூலிகையும் அதைத் தள்ளித் திறக்காது. பத்தியம் இருந்து கழிக்கும் ஒவ்வொரு வாரமும் நோய்க்குத்தான் லாபம். எந்தக் காமாலையாக இருந்தாலும் முதலில் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். அப்புறம்தான் எந்த வைத்தியம் என்கிற பேச்சு. இதைச் சித்த வைத்தியன் என்ற முறையிலேயே சொல்கிறேன்.

மற்ற அறிகுறிகள்: வலது மேல்வயிற்றில் விட்டு விட்டு வந்த வலி, விடாத வலியாக மாறுவது, காரணமில்லாமல் எடை குறைவது, சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, வயிற்றின் வலது பக்கம் கட்டி தட்டுப்படுவது. ஐம்பது வயசு தாண்டிய அம்மாக்கள் இவற்றைக் "கேஸ் டிரபிள்" என்று சொல்லி ஓமத் தண்ணீரோடு சமாளித்துவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைகள்தான் கவனிக்க வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

"கல் இருக்கு, ஆனா வலியே இல்லை. எடுக்கணுமா?"

எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருந்தாலோ, 1 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பாலிப் இருந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் எடுப்பதைப் பற்றி சர்ஜனிடம் பேச வேண்டும். சிலி நாட்டில் இந்தப் புற்று அதிகம் என்பதால், 35 முதல் 49 வயது வரை கல் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே பித்தப்பையை எடுப்பதை அரசின் சுகாதார உத்தரவாதத் திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள்.

"வாழைத்தண்டு சாறு குடிச்சா கல் கரையாதா டாக்டர்?"

சிறுநீரகக் கல் வேறு, பித்தப்பைக் கல் வேறு. ஒன்று இருப்பது சிறுநீர்ப் பாதையில். மற்றது பித்தப் பாதையில். வாழைத்தண்டும் நெருஞ்சிலும் பித்தப்பைக்குள் போவதே இல்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மலத்தில் பச்சையாக உருண்டைகள் வருகிறதே என்பார்கள். அது கல் அல்ல. அந்த எண்ணெயே குடலில் சோப்பாக உருண்டது!

"லேப்ராஸ்கோப்பில் எடுத்தால் ஆபத்தா?"

இல்லை. 1990-ல் மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா இந்தியாவில் அதைத் தொடங்கி வைத்தார். இன்று அதுதான் வழக்கமான முறை. பையைக் கிழியாமல், ஓர் உறைக்குள் போட்டு வெளியே எடுப்பது நல்லது. உள்ளே ஒருவேளை புற்று இருந்து, பித்தநீர் சிந்தினால், வயிற்றுக்குள்ளும் துளை போட்ட இடத்திலும் பரவ வாய்ப்பு உண்டு.

"முற்றிப் போனால் ஒன்றுமே செய்ய முடியாதா?"

கீமோதெரபி இருக்கிறது. அதோடு இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அடைப்பை நீக்க ஸ்டென்ட் வைக்கலாம். பசி, தூக்கம், மலச்சிக்கல் போன்ற தொந்தரவுகளுக்குச் சித்த மருந்தும் உதவலாம். ஆனால் புற்றுநோய் மருத்துவருக்குச் சொல்லிவிட்டுத்தான். ரகசியமாகச் சாப்பிடவே கூடாது.

"வராமல் தடுக்க?"

உடல் எடையைக் கட்டுக்குள் வையுங்கள். ஒரே மாசத்தில் பத்துக் கிலோ குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள். அதனாலேயே கல் உண்டாகும். காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். டைபாய்டு வந்தால் மருந்தை முழுசாக முடியுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

ஆபரேஷனுக்கு முன்பே "பையை பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எந்த நல்ல சர்ஜனும் கோபித்துக்கொள்ள மாட்டார். ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். எந்தத் தேதியில் வரும் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். வாங்கின கையோடு சர்ஜனிடம் காட்டுங்கள். "ஒண்ணுமில்லை" என்று அவர் வாயால் சொன்ன பிறகு ஃபைலில் போட்டு வையுங்கள்.

சமீபத்தில் உங்கள் வீட்டில் யாருக்காவது பித்தப்பை எடுத்திருக்கிறார்களா? ரிப்போர்ட் ஃபைலில் இல்லையா? நாளைக் காலையிலேயே டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அதில் பயப்பட ஒன்றும் இருக்காது. அந்த மிச்ச ஒருவருக்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.